பின்சக்கரத்துக்கு முட்டு

காவியா: வச்சாச்சு மாமா, வச்சாச்சு. எத்தன தடவ கேப்பீங்க?

முனிவேல்: கேக்கத்தான் செய்வன். ஜாக்கி மேல நிக்கறப்ப வண்டி உருண்டுச்சுன்னா அடியில கெடக்கறது நானு. பின்சக்கரம் ரெண்டுக்கும் முட்டு குடுத்துட்டியா?

காவியா: ரெண்டுக்கும் குடுத்திருக்கறன். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ஆக மொத்தம் நாலு.

முனிவேல்: அதென்ன, கல்லுக்கெல்லாம் கோணி சுத்தி வச்சிருக்கற? நம்ம ஊரு பேரிகைல கல்லுக்குகூட குளுருதா?

காவியா: டயர்ல கீறல் உழக்கூடாதுன்னுதான். நீங்க உங்க வேலயப் பாருங்க.

முனிவேல்: சரிதான்... அந்த பதினேழு ஸ்பேனர எடு. ஏ, இது பதினாலு!

காவியா: பதினேழுதான். நம்பர் தேஞ்சி போயிருக்குது. டிஸ்க்கு கம்பெனில ஒம்பது வருசமா அளவு பாக்கறவகிட்டயே அளவு சொல்றீங்க.

முனிவேல்: தாயே, தெரியாம சொல்லிட்டன். ம்... வந்துடுச்சு. இங்க பாரு, பழைய பிரேக் பேட்ட. அப்பளம் கணக்கா தேஞ்சிருக்குது.

காவியா: ரெண்டு மாசமா கீச்சு கீச்சுன்னு கத்துச்சே. நீங்கதான் பாட்ட சத்தமா வச்சிக்கிட்டீங்க.

முனிவேல்: சத்தம் கேக்காம இருக்கத்தான...

காவியா: டிஸ்க்க காட்டுங்க. அய்யய்யோ... ஓரத்துல வரப்பு மாதிரி நிக்குது. நடுவுல எம்மாம் பள்ளம்!

முனிவேல்: அதனாலதான் புது டிஸ்க்கும் சேத்து போடறன். வெறும் பேட்ட மட்டும் மாத்தினா பத்து நாள்ல மறுபடியும் கத்தும்.

காவியா: ஷோரூம்ல கேட்டீங்களே, என்னா சொன்னாங்க?

முனிவேல்: அத கேக்காத. அவங்க சொன்ன ரேட்டுக்கு ஒரு கன்னுக்குட்டியே புடிச்சிருக்கலாம். நா வெளிய வாங்கி, நானே மாட்டறன். கால் பங்குகூட ஆவல. கம்பெனில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன்னா சும்மாவா? டிராக்டரயே பிரிச்சி மாட்டினவன் நானு.

காவியா: அதான், டிராக்டர்ல நாலு நட்டு மிச்சம் இருந்துச்சே.

முனிவேல்: அது... எக்ஸ்ட்ரா நட்டு.

காவியா: ஆமாமா. எந்த கடைல வாங்கினீங்க?

முனிவேல்: எத?

காவியா: டிஸ்க்கத்தான்.

முனிவேல்: ஓசூர்லதான். பஸ் ஸ்டாண்டுக்கு பின்னால... ஒரு கடை.

காவியா: பில்லு?

முனிவேல்: பேட்டுக்கு இருக்குது. டிஸ்க்குக்கு... பில்லு இல்லாம வாங்கினாதான் சல்லிசா வரும். டிஸ்க்கு இருக்கற அந்த சாக்க இப்படி தள்ளு.

காவியா: கையில கிரீசு. நீங்களே அவுத்து எடுங்க.

முனிவேல்: யாரு இத இப்படி இறுக்கமா கட்டினது? நானா கட்டினன்?

காவியா: பின்ன, சாக்கு தானா கட்டிக்கிச்சா?

முனிவேல்: ம்... வா வா... அட! சுளுவா உக்காருது.

காவியா: ஏன், உக்காராதுன்னு நெனச்சீங்களா?

முனிவேல்: இல்ல... கொஞ்சம் தட்டி ஏத்தணும்னு திரும... கடைக்காரன் சொன்னான்.

காவியா: யாரு?

முனிவேல்: கடைக்காரன், கடைக்காரன்.

காவியா: ஓ... புதுசு பளபளன்னு நல்லாதான் இருக்குது. ஆனா மாமா, பளபளப்ப வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. போன மாசம் எங்க லைன்ல நூறு டிஸ்க்குக்கு மேல ஆவாதுன்னு கழிச்சி தள்ளுனன். மேல பாத்தா கண்ணாடி. வார்ப்புக்குள்ள காத்துக்குழி.

முனிவேல்: ஓகோ.

காவியா: ஊசி மொன அளவு குழிதான். எறக்கத்துல பிரேக்க மிதிச்சி மிதிச்சி சூடேறுச்சுன்னா, விரிசல் அங்கதான் உடும். நாந்தான் ஒவ்வொண்ணுக்கும் சிவப்பு பெயிண்ட் அடிச்சி தள்ளி வச்சன்.

முனிவேல்: சரி... அந்த... அந்த கேலிப்பர் போல்ட்ட குடு.

காவியா: கையிலயே வச்சிருக்கறீங்க.

முனிவேல்: ஆங்... ஆமா.

காவியா: என்னா மாமா, இப்படி வேர்க்குது? வெயிலு கூட இல்லயே.

முனிவேல்: அடியில குனிஞ்சி வேல செய்யறவனுக்கு வேர்க்காம என்னா செய்யும்? ஏங் காவியா... அந்த சிவப்பு அடிச்சதெல்லாம் அப்பறம் என்னா ஆவும்?

காவியா: சம்மட்டியால ரெண்டா உடைச்சிதான் காயலாங்கடைக்கி அனுப்பணும். அதான் ரூலு. முழுசா வெளிய போச்சுன்னா, எவனாச்சும் பெயிண்ட தின்னர்ல தொடச்சிட்டு புதுசுன்னு வித்துடுவான் பாருங்க.

முனிவேல்: வித்துடுவான்... வித்துடுவான்.

காவியா: என்னா மாமா, தூக்கத்துல பேசறீங்களா?

முனிவேல்: இல்ல. அடுத்த சக்கரத்துக்கு போலாம்.

காவியா: நல்லா டைட்டு வையிங்க. நாளைக்கி உங்க தங்கச்சி அனிதாவுக்கு வளைகாப்பு. கல்லாவி வரைக்கும் போவணும். பின்னாடி சீட்டுல உங்கம்மா, முன்னாடி நம்ம புள்ள சுவாதி. ஏழு வகை சோறு டிக்கியில.

முனிவேல்: காவியா... நாளைக்கி பஸ்ல போயிடுங்களேன்.

காவியா: ஏழு தூக்குப் போசியையும் வளையல் தட்டையும் தூக்கிக்கினா? சூளகிரில ஒரு பஸ்ஸு, கிருஷ்ணகிரில ஒரு பஸ்ஸு, ஊத்தங்கரைல ஒரு பஸ்ஸு. நல்லா இருக்குதே!

முனிவேல்: வாடகைக்கி ஒரு வண்டி சொல்லட்டுமா?

காவியா: சொந்தமா ஒரு வண்டி நிக்கறப்பவா? நா வேணாம்னு தலையால அடிச்சிக்கிட்டப்ப, பழசா இருந்தாலும் ராஜா வண்டின்னு சொல்லி வாங்கினீங்க.

முனிவேல்: அப்ப நா லீவு போட்டுட்டு ஓட்டிக்கினு வர்றன்.

காவியா: ஃபர்ஸ்ட் ஷிஃப்டு முடிச்சிட்டு பைக்ல வர்றன்னு நீங்கதான சொன்னீங்க? நா ஓட்டினா என்னா? மேலுமலை எறக்கத்துல லாரிக்கு நடுவுல நாலு தடவ எறங்கியிருக்கறன்.

முனிவேல்: எறக்கம்தான்...

காவியா: எறக்கத்துக்கு என்னா? புது டிஸ்க்கு, புது பேட்டு.

முனிவேல்: ஒண்ணுமில்ல. ரெண்டாவதும் உக்காந்துடுச்சு. சக்கரத்த மாட்டிட்டன். ஜாக்கிய எறக்கறன், நவுரு. நீ உள்ள குந்தி பெடல மிதி. மெதுவா. கெட்டியாவற வரைக்கும்.

காவியா: ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... ஆ, கெட்டியாயிடுச்சு. சாவி குடுங்க. சூளகிரி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்துடறன்.

முனிவேல்: அப்பறம் போலாம்.

காவியா: அப்பறம்னா எப்ப? சாவி.

முனிவேல்: எங்கயோ வச்சிட்டன்...

காவியா: உங்க சட்டப் பையில தொங்குது. சுவாதி! ஏ சுவாதி! அப்பா வண்டிய ரெடி பண்ணிட்டாரு. வா, முன்னாடி குந்து, ஒரு ரவுண்டு போலாம்!

முனிவேல்: அவள கூப்புடாத!

காவியா: ஏன்?

முனிவேல்: கூப்புடாதன்னா கூப்புடாத. எறங்கு. நீயும் எறங்கு காவியா.

காவியா: மாமா, ஏன் என் கைய புடிச்சி இழுக்கறீங்க?

முனிவேல்: மொதல்ல எறங்கு. நா ஒரு மடப்பய. அந்த டிஸ்க்கு... கடைல வாங்கினது இல்ல.

காவியா: பின்ன?

முனிவேல்: திருமலை குடுத்தான். காயலாங்கடை திருமலை. கம்பெனி மாலு, சின்னதா ஒரு கீறல்னு தள்ளிட்டாங்க, நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்னான். நம்பி ரெண்டாயிரத்த குடுத்துட்டன்.

காவியா: எந்த கம்பெனி மாலு?

முனிவேல்: கேக்கணுமா? உங்களுதுதான். சிவப்பு இருந்துச்சு. நாந்தான் கொட்டாயில குந்தி தின்னர் ஊத்தி தொடச்சன். உங்கையால அடிச்ச பெயிண்ட்ட எங்கையால அழிச்சிட்டு, அதுலயே உன்னயும் புள்ளயயும் ஏத்தி அனுப்பப் பாத்தன்.

காவியா: அழிச்சிட்டீங்க.

முனிவேல்: ஆமா. திட்டிடு.

காவியா: ஏன் எங்கிட்ட கேக்கல?

முனிவேல்: என்னானு கேக்கறது? இந்த வண்டிய வாங்கறப்பவே வேணாம்னு சொன்ன. செலவெல்லாம் நா பாத்துக்கறன்னு வாய உட்டுட்டன். மாசா மாசம் இது ஒண்ணு கேக்குது. மறுபடியும் உங்கிட்ட வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு. காத்துக்குழின்னா என்னா ஆவும்னு எனக்கு இன்னிக்கிதான் தெரியும். தெரிஞ்சதுக்கப்பறமும் ரெண்டாவது சக்கரத்த மாட்டினன் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.

காவியா: இப்ப என்னா செய்யப் போறீங்க?

முனிவேல்: இப்பவே அவுக்கறன். பழசயே மாட்டி ஓரமா நிறுத்தறன். ஷோரூம் சொன்ன காச எப்பாடு பட்டாச்சும் பொரட்டறன். நாளைக்கி நீங்க மூணு பேரும் பஸ்ல போங்க. அனிதாகிட்ட நானே ஃபோன்ல சொல்லிக்கறன், தப்பு எம்மேலன்னு. அந்த ஸ்பேனர எடு.

காவியா: தரமாட்டன்.

முனிவேல்: காவியா, வெளயாடாத.

காவியா: அவுக்க வேணாம் மாமா. திருமலைகிட்ட இந்த மாதிரி இன்னும் எத்தன ஜோடி இருக்குது?

முனிவேல்: இன்னொரு ஜோடி பாத்தன். அது இப்ப எதுக்கு? நா சொல்றது உனக்கு வெளங்குதா? உங்கம்பெனி தள்ளுன டிஸ்க்கு நம்ம வண்டில இருக்குது!

காவியா: நம்ம வண்டிக்கு அடியில இருக்குது. குனிஞ்சி அந்த கோணிய அவுத்துப் பாருங்க, பின்சக்கரத்துக்கு நா முட்டு குடுத்தது கல்லு இல்ல. உங்க திருமலை குடுத்த ரெண்டு டிஸ்க்கு, நாலு துண்டா. வெள்ளிக்கிழம கொட்டாயில சாக்க அவுத்தன், டிஸ்க்கு சந்துக்குள்ள நீங்க தொடைக்க மறந்த சிவப்பு இருந்துச்சு. அன்னிக்கே சம்மட்டியால போட்டு உடைச்சன். நேத்து ஷிஃப்டு முடிச்சி ஓசூர்ல நெசமான கடைல ஒரு ஜோடி வாங்கி, எங்க கம்பெனி அளவு ரூமுக்கு திரும்பப் போயி ஒண்ணுக்கு ரெண்டு தடவ வச்சிப் பாத்துட்டு, உங்க சாக்குலயே போட்டு கட்டினன். நீங்க இன்னிக்கி மாட்டினது அத. திருமலைக்கி நீங்க குடுத்ததவிட முன்னூறு ரூவாதான் ஜாஸ்தி, தெரிஞ்சிக்கங்க. டிஸ்க்கு மாறிட்டதால வண்டிய நெனச்சி எனக்கு பயம் இல்ல மாமா. நீங்க ஒரு வார்த்த சொல்லாம சாவியக் குடுத்துடுவீங்களோன்னுதான் ரெண்டு நாளா சோறு எறங்கல. சொல்லிட்டீங்க... அது போதும் எனக்கு, இப்பதான் பசிக்கவே செய்யுது. கண்ண தொடைங்க, புள்ள வர்றா. முட்ட எடுத்துட்டு சம்மட்டிய டிக்கியில போடுங்க. மொதல் சவாரி திருமலை கடைக்கி.