புல்லுக்குப் பழகிய மருந்து

நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் கண்ணு. கீழ் கோத்தகிரியில் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். டீ ஆறுவதற்குள் குடியுங்கள். வேளாண்மை ஆபீசிலிருந்து புட்டியைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். புட்டி எங்கே போய்விடப் போகிறது? முதலில் ஒரு புல்லின் கதையைச் சொல்கிறேன்.

லிங்கசாமியின் பேரித் தோட்டத்துக்குப் பன்னிரண்டு வருடமாக என் கடையிலிருந்துதான் களை மருந்து போயிற்று. அடிக்கிறவர் மருதாசலம். ஆரம்பத்தில் பத்தே நாளில் தரையெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். பிறகு ஒரு புல் மட்டும் சாகவில்லை. நுனி கருகும், அடியில் துளிர்க்கும். இரண்டு மூடி ஊற்றிய இடத்தில் நான்கு மூடி ஊற்றினார்கள். மற்ற களை செத்த இடத்திலும் அதுவே பரவியது.

ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் புல்லுக்கு அது பழகிவிடும் என்று லிங்கசாமியிடம் எடுத்துச் சொன்னேன்.

"பழகிப்போச்சுங்களா? நீங்க வெச்சிருக்கறது மருந்துக்கடையா, கள்ளுக்கடையா?" என்றார்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மருந்தில் நான் தண்ணீர் கலப்பதாக ஊரெல்லாம் சொல்லப்போவதாகவும் சொன்னார். அப்படிச் சொன்னால் ஒருவரும் என் கடைப்படி ஏற மாட்டார்கள்.

விற்கக் கூடாது என்று கவர்மெண்ட் நிறுத்திவைத்த ஒரு மருந்து என்னிடம் இருந்தது. அதைப் பழைய புட்டியில், பழைய லேபிளோடு ஊற்றிக் கொடுத்தேன். இரண்டே நாளில் புல் படுத்துவிட்டது. லிங்கசாமி ஒரு கூடை பேரிக்காய் அனுப்பிவைத்தார்.

மருதாசலத்துக்கு ஒரு பழக்கம். முதுகில் மாட்டுகிற மருந்து டேங்கின் குழாய் நுனியில் இருக்கிற நாசில் அடைத்துக்கொண்டால், அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். மருந்தடிக்கிறவர்கள் பலரும் செய்வதுதான். என் கடை வாசலில் நின்றே ஊதியிருக்கிறார். "நமக்கும் பழகிப்போச்சுங்க அக்கா" என்பார். புது மருந்தில் அது ஆகாது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். பன்னிரண்டு வருடம் சொல்லாததை இன்றைக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பாரே. சொல்லவில்லை.

ஒரு நாள் அப்படி ஊதியதில் வாயெல்லாம் வெந்துபோய் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்ன மருந்து என்று டாக்டர் கேட்டாராம். மருதாசலத்தின் மனைவி ஆண்டாயி காலிப் புட்டியோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"லேபிள்ல போட்டிருக்கறதேதானுங்களா ரசியாக்கா?"

"அதேதான் கண்ணு" என்றேன். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அவருக்கு மூச்சு நின்றது. எடுக்கிற அன்றைக்குக் கடையடைத்தேன்.

இப்போது டேங்கை ஆண்டாயி தூக்குகிறாள். பழைய மருந்தைக் கொடுத்தால் புல் சாகாது. சாகாவிட்டால் லிங்கசாமி ஏன் என்று கேட்பார். அதனால் அதே புட்டியைத்தான் கொடுக்கிறேன். ஆனால் கூடவே ஒரு மெல்லிய கம்பி கொடுத்திருக்கிறேன். ஊதாதே, இதால் குத்தி அடைப்பெடு என்று சொல்லியிருக்கிறேன். "உங்களாட்டம் யாருங்க அக்கா பாப்பாங்க" என்று கண் கலங்கினாள்.

புட்டி கீழ்த்தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் பரக்கத் நிறையட்டும். வீட்டார் எல்லோருடைய மூச்சையும் அல்லாஹ் பத்திரமாக வைத்திருக்கட்டும்.