மன்னிக்கவும், குரல் பொருந்தவில்லை

…எட்டு பர்சென்ட்டும்மா! எட்டு! கடன் வாங்கினேனா? இல்ல. யாருக்காவது ஜாமீன் போட்டேனா? அதுவும் இல்ல. என் காச நானே திருப்பிக் கேட்டேன். அதுக்கு எட்டு பர்சென்ட்டு! கேட்டா, 'திருப்பி அனுப்பும் கட்டணம்'கறான். ஏன்டா, என் பணம் பஸ் ஏறியா வருது, டிக்கெட் எடுக்கறதுக்கு?

வாங்க சார், வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு கால் ஆடும், செவுத்துப் பக்கமா சாஞ்சுக்கிட்டா ஆடாது. இப்பதான் ஒரு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன், பாதியிலயே பைய எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. ஜிப் மாட்டினதுக்கு மீதி சில்லறகூட வாங்கல. ஷூவக் குடுங்க. அடடா… இதென்ன இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது! என்னைய மாதிரியே, மூட மாட்டேங்குது. சோல் முன்பக்கம் பூரா விட்டுடுச்சு சார். சுத்தி தையல் போட்டு, பசை வெச்சு, கட்டி வெக்கணும். அரை மணி நேரம். அந்தக் கால இந்த அட்டை மேல வெச்சுக்குங்க, தரை சில்லுனு இருக்கும்.

எங்க விட்டேன்? ஆங்… எட்டு பர்சென்ட்டு.

நமக்கு இந்த சோல், குதிகால் ரப்பர், பசை எல்லாம் வேணுமில்ல? அதெல்லாம் இப்ப போன்லயே விக்கறான். மொத்த வெல. அதுல ஒரு வாலெட்டு இருக்கு சார். முன்கூட்டியே பணத்தப் போட்டு வெச்சுக்கணும், வேணுங்கறப்ப வேணுங்கறத வாங்கிக்கணும். இருபதாயிரம் போட்டா ரெண்டாயிரம் போனஸு! சும்மா! நம்மள யாராவது சும்மா கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருக்காங்களா? இவன் ரெண்டாயிரம் குடுக்கறான்.

நான் என்ன கணக்குப் போட்டேன் தெரியுமா? இருபதப் போடு. ரெண்டு நாள் பேசாம இரு. போனஸ்ல பசையும் ரப்பரும் வாங்கு. அப்புறம் நம்ம இருபத நாம எடுத்துக்கோ. எப்படி? மூள! ஆனா போனஸு புது ஆளுக்குத்தான். நான் ஏற்கெனவே ஒருதடவ அவன்கிட்ட பொருள் வாங்கிட்டேன். அதனால வீட்டம்மா பேர்ல, வீட்டம்மா நம்பர்ல ஒரு கணக்கத் திறந்தேன்.

பணமும் வீட்டம்மா பணம்தான்.

அப்படிப் பாக்காதீங்க சார். இருங்க, இந்த நூல மெழுகுல ஒரு இழு இழுத்துக்கறேன்… அவ தையல்காரி சார். ஒரு ஓவர்லாக் மெஷினுக்கு ரெண்டு வருஷமா சேத்தா. துணி ஓரம் பிரியாம தைக்குமே, அது. இப்ப ஓரமெல்லாம் கையாலயே தைக்கறா, கட்டைவிரல் பூரா ஊசி குத்தின புள்ளி. மெஷின் கடையில அஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டா. மீதி இருபது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலன்னா மெஷின் வேற ஆளுக்கு, அட்வான்ஸும் போச்சு. அந்த இருபத என் கையில குடுத்து, 'ஏங்க, பத்திரமா பேங்க்ல போட்டுட்டு வாங்க'ன்னா. நானும் பத்திரமாத்தான் போட்டேன். எங்க போட்டேங்கறதுதான்…

போட்டாச்சு. போனஸ் வந்துச்சு. வாங்கலாம்னு போனா, நம்ம சைஸ் ரப்பர் இல்ல. பசை 'விரைவில் வரும்'. இருக்கறதெல்லாம் என்ன தெரியுமா? சின்னப் பசங்க ஷூவுல மினுக்கற லைட்டு! அத வாங்கி நான் என்ன பண்ண, கடை வாசல்ல கட்டித் தொங்கவிடவா? சரிடா, வேணாம்டா, என் பணத்தக் குடுன்னேன். அப்பதான் சார் கீழ எழுத்து இருக்குன்னே தெரிஞ்சுது. எறும்பு ஊர்ந்த மாதிரி! பணத்தத் திருப்பி எடுத்தா எட்டு பர்சென்ட்டு. ஆயிரத்தி அறுநூறு. போனஸும் வாபஸ். அதுவும் உடனே கிடையாது, பதினாலு நாள் 'நிறுத்தி வைக்கும் காலம்'.

இப்ப பாருங்க, உங்க ஷூவுக்கு நான் பசை வெக்கறேன். வெச்சுட்டு கயத்தால கட்டி ஓரமா வெக்கறேன். ஏன்? காயணும். அதுல ஒரு நியாயம் இருக்கு. பணம் என்ன சார், ஈரமாவா இருக்கு காயறதுக்கு? சிரிக்கறீங்க! சிரிங்க, சிரிங்க. எனக்கும் முதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு.

போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுக்குது. 'வணக்கம்ம்ம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்ம்ம்.' அச்சு அசல் இப்படித்தான் சார், மூக்குல ஒரு ஈ உக்காந்திருக்கற மாதிரி. நாம விஷயத்தச் சொன்னா, 'கணக்கு வெச்சிருக்கறவங்க பேசணும் சார்'னு சொல்லிடுச்சு. வீட்டம்மா எப்படிப் பேசுவா? அவளுக்கு விஷயமே தெரியாதே!

இங்கதான் சார் நம்ம கைவரிச வருது. எனக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸோட சரி. ஆனா ஒரு ஆள ரெண்டு நிமிஷம் பேசவிட்டாப் போதும், அப்படியே திருப்பிக் குடுத்துடுவேன். எதிர்க்கட மருந்துக்காரர் இருக்காரே, அவர் மாதிரி பேசி அவர் கடப் பையனையே சாப்பாட்டுக்கு அனுப்பியிருக்கேன். வீட்டம்மா குரல்னா கேக்கணுமா? பன்னெண்டு வருஷமா காதுல விழுது! திரும்பப் போன் போட்டேன். 'ஏம்ம்மா… நான்தாம்மா பேசறேன்ன்ன்… கைய ஒடிச்சு சேத்த காசும்ம்மா…' பக்கத்துல பூட்டு ரிப்பேர்காரர் வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். அந்தப் பொண்ணு அப்படியே உருகிடுச்சு. 'அழாதீங்கம்மா, நான் பதிவு பண்ணிடறேன். உங்க பாதுகாப்புக்கு உங்க குரலயும் பதிஞ்சுக்கறோம். "என் குரலே என் சாவி"ன்னு மூணு தடவ சொல்லுங்க'ன்னுது.

சொன்னேன் சார். மூணு தடவ. நல்லா இழுத்து, ராகம் போட்டு. சாவியக் குடுத்துட்டேன்னு அப்பத் தெரியல.

சரி, பதினாலு நாள். பேசாம இருந்திருக்கலாம். இருந்திருக்கலாமில்ல? அதான் என்னால முடியாதே! நாலாம் நாளு, சும்மா அவசரப்படுத்தலாம்னு மச்சான் குரல்ல போட்டேன். வீட்டம்மாவோட அண்ணன். எதப் பேசறதுக்கு முன்னாடியும் தொண்டையச் செருமுவார். 'க்ர்ர்ம்… என் தங்கச்சி பணம் என்னாச்சு?' அங்கேருந்து, 'உங்க குரலப் பதிஞ்சுக்கறோம் சார்.' பதிஞ்சுக்கோ! ஒம்பதாம் நாளு மாமனார். அவர் பாதி பேச்சு, பாதி இருமல். நான் இருமின இருமல்ல அந்தப் பொண்ணு, 'தண்ணி குடிங்கய்யா'ங்குது. அவர் குரலும் பதிவு. பதினோராம் நாளு மாமியார். அதுக்கப்புறம் சின்ன மச்சினி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டு, குரலப் புட்டியில அடைச்சு வெச்சுக்கிட்டான் சார்.

அந்த ஊசிய எடுங்க… நீங்க இருங்க, நானே எடுத்துக்கறேன்.

பதினாலாம் நாளு வந்துச்சு. போன வெள்ளிக்கெழம. பணத்த விடறதுக்கு முன்னாடி ஒருதடவ அந்த 'சாவி'யச் சொல்லணுமாம். எனக்கு அன்னிக்குன்னு பாத்து சளி! பொம்பளக் குரல் எடுத்தா தகர டப்பாவுல ஆணி போட்ட மாதிரி வருது. வேற வழி? வீட்டம்மாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். எல்லாத்தயும்னா… வாலெட்டு வரைக்கும். குரல் விஷயத்தச் சொல்லல. அவ என்னைய ஒரு பார்வ பாத்தா, பாத்துட்டு, என் போனைக் கையில வாங்கினா. 'என் குரலே என் சாவி'ன்னா.

'மன்னிக்கவும், குரல் பொருந்தவில்லை.'

எப்படியிருக்கும் அவளுக்கு! அவ பேரு, அவ நம்பரு, அவ காசு, அவ தொண்ட. பொருந்தலையாம்! ரெண்டாந்தடவ சத்தமாச் சொன்னா. பொருந்தல. மூணாந்தடவ கத்தினா. கோவத்துல கத்தினா எப்படி சார் பொருந்தும்? மூணு தடவ தப்பாப் போச்சுன்னு கணக்கப் பூட்டிட்டான். 'வேற்று நபர் முயற்சி.' இன்னும் முப்பது நாள் நிறுத்தி வெப்பு!

குதிர கீழயும் தள்ளி, குழியும் பறிச்ச கதை!

அப்பதான் கேட்டா. மெதுவாக் கேட்டா. 'ஏங்க, அங்க யாரு குரல் இருக்கு?' நான் கூரையப் பாத்தேன். 'அந்தக் குரல இப்பப் பேசிக் காட்டுங்க'ன்னா. சளியோட சளியா பேசிக் காட்டினேன். 'ஏம்ம்மா… நான்தாம்மா பேசறேன்ன்ன்…' கடைத்தெருவே சிரிக்கும் சார் அதக் கேட்டா. அவ சிரிக்கல. 'நான் இப்படியா இழுக்கறேன்?'னு மட்டும் கேட்டா.

அன்னியிலேருந்து வீட்டுல ரெண்டே வார்த்த. 'சாப்பாடு இருக்கு.' 'கதவச் சாத்துங்க.' கடைசிய இழுக்கறதே இல்ல, கத்தரியால நறுக்குன்னு வெட்டின மாதிரி. நானும் விளையாட்டா நேத்து அதயே திருப்பிச் சொன்னேன், 'கதவச் சாத்துங்க'ன்னு அவள மாதிரி. அது வரமாட்டேங்குது சார். பன்னெண்டு வருஷத்துல முதல்தடவ, அவ குரல் எனக்குப் புடிபட மாட்டேங்குது. ஓரம் தைச்சுக்கிட்டே இருக்கா, கையால.

…ம்ம். விடுங்க. இந்தக் கயத்த ஒரு இறுக்கு இறுக்கிடறேன்.

ஆனா வழி இருக்கு சார்! அந்த மூக்குப் பொண்ணுதான் சொல்லுச்சு. குடும்பத்துல பெரியவங்க ஒருத்தர் பேசி, 'இவங்கதான் அவங்க'ன்னு உறுதி பண்ணினா பூட்ட எடுத்துடுவாங்களாம். இன்னிக்கி ஆறு மணிக்குள்ள பண்ணினா நாளைக்குக் காலையிலயே பணம் வந்துடும். குறையற ஆயிரத்தி அறுநூற நான் பொரட்டி வெச்சுட்டேன், மெஷின் வந்துடும். அவ பேச்சும் வந்துடும்.

காலையில மச்சான் வந்தார். நெஜ மச்சான். பாவம், தங்கச்சிக்காக லீவு போட்டுட்டு வந்தார். தொண்டையச் செருமினார். 'க்ர்ர்ம், நான் அவங்க அண்ணன்.'

'மன்னிக்கவும், குரல் பொருந்தவில்லை.'

போனையும் பாக்கறார், என்னையும் பாக்கறார். மாமனாரப் பேச வெச்சோம். பொருந்தல. மாமியார். பொருந்தல. அந்தக் குடும்பத்துல ஒருத்தர் குரலும் அவங்களுக்குச் சொந்தமில்ல சார் இப்ப, எல்லாம் என் பேர்ல கிடக்கு! தவள தன் வாயாலதான் கெடும்பாங்க. நான் ஒரு குளத்துத் தவளைய மொத்தமாக் கெடுத்து வெச்சிருக்கேன்.

நானே சொந்தக் குரல்ல ஒத்துக்கலாமேன்னு பாக்கறீங்க. கேட்டுப் பாத்தேனே! 'உண்மைய எழுதி நேர்ல குடுங்க சார், விசாரிச்சு முப்பது நாள்ல முடிவு சொல்றோம்'கறான். பொய் சொன்னாலும் முப்பது, உண்மையச் சொன்னாலும் முப்பது! நாளைக்கு சாயங்காலம் மெஷின் போயிடும் சார்.

இப்ப மணி என்ன? அஞ்சே கால். நல்ல நேரத்துல வந்தீங்க.

இல்ல… ஒரு சின்ன விஷயம். வீட்டம்மாவுக்கு ஒரு சித்தப்பா உண்டுன்னு அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வெளியூர்ல இருக்கார், இன்னிக்கி பேசுவார்னு. அப்படி யாரும் கிடையாது, அது வேற விஷயம். நீங்க வயசுக்கும் தோரணைக்கும் சித்தப்பா மாதிரியே இருக்கீங்க. நான் செய்யலாம், ஆனா பழைய வேஷம் எதுவும் இந்த சளியில பொருந்தல, புதுக் குரல் காதுல விழாம எனக்கு வராது. அவன்கிட்ட இல்லாத குரலா வேணும். யோசிச்சுப் பாத்தா… நீங்க வந்து இவ்வளவு நேரமாச்சு. ஷூவ நீட்டினீங்க, சோலக் காட்டினீங்க, தலையாட்டினீங்க, பல்லு தெரியாமச் சிரிச்சீங்க. ஒரு வார்த்த பேசல! எவன்கிட்டயும் இல்லாத குரல் சார் உங்களது. எனக்கே தெரியாதே!

ரெண்டே வரி. 'நான் சித்தப்பா பேசறேன். அவ எங்க பொண்ணுதான்.' ஷூவுக்குக் காசே வேணாம். இந்தா, நம்பரப் போட்டுட்டேன்… மணி அடிக்குது… புடிங்க சார்…

சார்? எந்திரிக்காதீங்க, பசை இன்னும் காயல! சார், அந்தக் கால்ல ஷூ இல்ல! வெளிய தெருவெல்லாம் கல்லு! ஐயையோ, நொண்டிக்கிட்டே எவ்வளவு வேகமாப் போறார் பாரு… சார்! சித்தப்பா! போறதுன்னா போங்க, ஷூவ நாளைக்குக்கூட வாங்கிக்குங்க! போறப்ப ஒரே ஒரு வார்த்த… 'போடா'ன்னாவது சத்தமாத் திட்டிட்டுப் போங்க சார்! மீதிய நான் பழகிக்கறேன்!