ஏழு நகல்களுக்காகக் குதித்தவள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் மாப்பிள்ளை அவர்களே, இன்றைய ஷூட்டிங்கை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் சண்டைக் கலைஞர்களே, வணக்கம்.

அழுவதற்காக நான் இந்த மைக்கைப் பிடிக்கவில்லை. பதினொரு நாளாக அழுதாயிற்று. இன்று எனக்கு வயிறு எரிகிறது.

பூனையக்கா என்று நீங்கள் அழைத்த நம் துணைச் செயலாளர் எனக்குத் தங்கை மாதிரி. எந்த உயரத்திலிருந்து குதித்தாலும் சத்தமில்லாமல் இறங்குவாள். அதனால் அந்தப் பெயர். பத்தொன்பது வருடம் கதாநாயகிகளுக்குப் பதிலாகக் குதித்தாள். அவள் முகத்தைத் திரையில் பார்த்தவர்கள் உண்டா? முதுகைத்தான் பார்த்திருப்பீர்கள்!

ஆம்புலன்ஸ் நிற்காத செட்டில் ஏறமாட்டோம் என்று முதலில் சொன்னது யார்? அவள்தான். ஒரு முறை டிரஸ்ஸையே மாற்றாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். உன்னை மாதிரி நூறு பேர் வெளியே நிற்கிறார்கள் என்று மேனேஜர் மிரட்டினார். "நூறு பேரையும் கூப்பிடுங்க சார். ஆம்புலன்ஸ் வந்தா அவங்களுக்கும் உதவும்" என்றாள். ஒரு மணி நேரத்தில் வண்டி வந்தது. அன்றிலிருந்து எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்!

இந்தக் கடைசிப் படத்தின் கதை உங்களுக்குத் தெரியும். பணக்காரர்களுக்கு உடம்பு கெட்டால் உறுப்புகளை அறுத்து எடுத்துக்கொள்ள, அவர்களைப் போலவே நகல் மனிதர்களை வளர்க்கும் ஒரு தொழிற்சாலை. ஒரே நாயகியின் ஏழு நகல்கள் மூன்றாவது மாடிக் கண்ணாடியை உடைத்துக் குதித்துத் தப்பிக்க வேண்டும். ஏழு முறையும் குதிக்க வேண்டியவள் என் தங்கை. முதல் நாளே அவளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கேமராக்களை வைத்து நடக்க, ஓட, குதிக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். எதற்கு என்று கேட்டாள். டிரஸ் அளவுக்கு என்றார்கள்.

மூன்று முறை நன்றாகக் குதித்தாள். நான்காவது முறைக்கு முன்னால், கீழே விரித்திருந்த காற்று மெத்தை ஃபிரேமில் தெரிகிறது என்று இரண்டடி தள்ளிப் போடச் சொன்னார் டைரக்டர். அசிஸ்டெண்ட் இழுத்துப் போட்டார். கண்ணாடிக்கு உள்ளே நின்ற அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. உதவிக்கு மேலே நின்ற நான் பார்த்தேன். திரும்பச் சரியாகப் போடுவார்கள் என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. இந்தப் பாவி வாய் திறக்கவில்லை!

மெத்தையின் ஓரத்தில் விழுந்து தரைக்குப் போனாள். ஆம்புலன்ஸை நோக்கி ஓடினோம். அது படத்தில் காட்டுவதற்காக நிறுத்திய வெறும் வண்டி. உள்ளே ஸ்ட்ரெச்சர் இல்லை. ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லை. எதற்காகச் சண்டை போட்டாளோ, அதன் பெயரிலேயே அவளை ஏமாற்றினார்கள்.

இதோடு விட்டார்களா? போன வாரம் மாப்பிள்ளையைப் படக் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நம்பி, தையல் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். அவரை ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் என் தங்கை அதே மாடியிலிருந்து குதித்து, எழுந்து, ஓடினாள். முதல் நாள் டிரஸ்ஸுக்கு என்று எடுத்த அளவை வைத்துக் கம்ப்யூட்டரில் செய்ததாம். மீதி நான்கு நகல்களையும் இப்படியே முடித்துவிடலாம், படம் நிற்காது, நீங்கள் பெருமைப்படலாம் என்றார்களாம்.

மாப்பிள்ளை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். பிறகு, "அவ வலது காலைத்தான் முதல்ல ஊனுவா. இது இடது காலை ஊனுது. இது என் பொண்டாட்டி இல்ல, நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

தோழர்களே, பிணத்தைக்கூட வேலை வாங்குபவனை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எதுவும் போதவில்லை!

அவள் உருவத்தை நம் கண் முன்னால் அழிக்கும் வரை, நாளை முதல் அந்தக் கம்பெனியில் ஒருவரும் குதிக்க இடுப்பில் கயிறு கட்டமாட்டோம். இனி எந்த செட்டிலும் ஆம்புலன்ஸ் கதவை நாமே திறந்து பார்ப்போம். மெத்தையை நாமே கால் வைத்துப் பார்த்த பிறகுதான் மேலே ஏறுவோம். அவள் விட்ட இடத்திலிருந்து இந்தச் சண்டையை நாம் நடத்துவோம்.

நேற்று நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். மெத்தையை நகர்த்தச் சொன்னவர் யார், நகர்த்தியவர் யார், பார்த்துக்கொண்டு சும்மா நின்றவன் யார் என்று மூன்று பெயர்கள். முதல் இரண்டு பேரும் வக்கீலை வைத்து மறுக்கட்டும். மூன்றாவது பெயர் என்னுடையது. நான் மறுக்கப் போவதில்லை.