எழுப்பும் வசனம்

ஜோஷுவா மேடையில் சரிந்ததும் முதலில் கைதட்டியவன் நான்தான். நான் தட்டினால் அரங்கமே தட்டும் சார். செம்பூரில் அன்றும் தட்டியது.

அது எங்கள் பழைய ஐட்டம். தாராவி மாதா கோயில் கிறிஸ்மஸ் நாடகங்களில் பேசிக்கொண்டே வரும் ஜோஷுவா நெஞ்சைப் பிடித்துச் செத்து விழுவான். நான் போய், "எந்திரில, பிரியாணி வந்தாச்சு" என்பேன். துள்ளி எழுவான். நான் அதைச் சொல்லும்வரை யாரும் அவனைத் தொடக்கூடாது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு கனடா போனான். காமெடி கிளப், அப்புறம் டிவி தொடர், எழுத்தும் நடிப்பும் அவனே. எனக்குப் பெருமைதான். என் மனைவி ஜாக்குலின் என்னை விட்டுப் போனபோது அவனிடம் மட்டும்தான் போனில் அழுதேன். அவளைப் போகவிடாமல் அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்து நான் படியில் உருண்டதைக்கூடச் சொன்னேன். அவன் தொடரின் அடுத்த சீசனில் பம்பாய் நண்பன் என்றொரு பாத்திரம் வந்தது. பெட்டியோடு உருண்டான், என் அழுகையின் அதே வார்த்தைகளோடு. டொராண்டோ சிரித்தது. கிளிப் தாராவிக்கும் வந்தது. இப்போது என்னைத் தெருவில் 'பெட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

செம்பூர் ஷோவுக்காக ஊர் வந்தவனிடம் அதைக் கேட்டேன்.

"லேய், காமெடிதாம்ல. அங்க ஒன்னய யாருக்குத் தெரியும்?" என்று தோளில் தட்டினான்.

நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை.

அவன் விழுந்ததும் முன்வரிசையில் என் பக்கத்திலிருந்த பெண் எழுந்தார். வந்தனா என்று பெயர், நர்ஸ். "நடிப்பு மாதிரி தெரியலியே அண்ணா. மூஞ்சி வேர்த்து ஊத்துது."

"உக்காருங்க சிஸ்டர். சின்னப் பிள்ளையில இருந்தே இப்படித்தான் செத்துக்கிட்டு வாரான்."

பின்னாலிருந்து எவனோ, "லேய் ஜெப்ரி, பிரியாணிய ஆறவிடாதல" என்று கத்த, அரங்கம் குலுங்கியது. ஜோஷுவாவின் கண் என்னைத் தேடியது. உதடு அசைந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நான் சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். சிரிப்பின்மேல் வசனம் பேசக்கூடாது என்று எனக்குக் கற்றுத்தந்தவனே அவன்தான்.

அவன் செத்ததை நடிப்பென்று நினைத்தேன் என நேற்று ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையேறுமுன் ஒப்பனை அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குல. இன்னைக்கு விழுத ஐட்டம் கெடையாது. விழுந்தா நெசம்னு ஓடி வா. ஒன்ன நம்பித்தாம்ல ஏறுதேன்."