வலி அட்டை

எங்கள் மையத்தின் இரண்டாவது அறையில் ஏர்கோன், அந்தக் குளிர்சாதனம், ஒழுங்காக வேலை செய்யாது. தண்ணீர் ஒழுகும். அடியில் ஒரு வாளி வைத்திருப்போம். விசாரணைக்காக அறையைப் பார்க்கப் போனபோது நீங்களும் அந்த வாளியைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பயிற்சியாளர் ஷர்மைன் உங்களிடம் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். தான் பிழை செய்துவிட்டதாக அவள் சொல்லியிருக்கிறாள். அவள் எந்தப் பிழையும் செய்யவில்லை.

என் பெயர் ஐலீன். உலு திராமில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் மையம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏபிஏ என்னும் நடத்தைப் பயிற்சி கொடுக்கிறோம். நான் நேரடியாகப் பயிற்சி கொடுப்பதில்லை. கொடுப்பவர்கள் சரியாகக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. என் பக்கத்திலிருந்து எல்லாம் தெரியும். பயிற்சியாளரின் காதில் சின்னதாக ஒரு கருவி இருக்கும். நான் மைக்கில் பேசினால் அவருக்கு மட்டும் கேட்கும்.

ஒரு பிள்ளையோடு நான்கு பேர் வேலை செய்தால், நால்வரும் ஒரே ஆளைப் போல நடந்துகொள்ள வேண்டும். தரம் என்பது அதுதான். ஒருவர் அழுகைக்கு இறங்கிவந்தால் மற்ற மூவரின் உழைப்பும் வீண். அடுத்த நாள் பிள்ளை இன்னும் பலமாக அழும். எவ்வளவு அழுதால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டிருக்கும். கற்றுக்கொடுத்தது நாம்.

இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சிலர் வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அதையும் பயிற்சி என்கிறார்கள். நான் ஒரு பெண்ணைப் பழக்கி ஆளாக்கினால், அவள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விடுகிறாள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளைகள்மேல் பிரியம் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். பிரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பிரியம் உள்ளவர்கள்தான் இறங்கிவருகிறார்கள்.

ஷர்மைன் என்னை விட்டுப் போகவில்லை. நான் பழக்கியவர்களில் அவள்தான் சிறந்தவள். ஒரு குறை இருந்தது. பிள்ளையின் முகத்தை அடிக்கடி பார்ப்பாள்.

லிஷாலினி எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பேச்சு கிடையாது. எதற்கெடுத்தாலும் அலறுவாள். தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். அப்பா ரூபேந்திரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அம்மா புஷ்பவள்ளி தொழிற்சாலையில் இருக்கிறார். பிள்ளை அலறினால் இருவரும் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. களைத்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

நாங்கள் களைக்கவில்லை. அழுதால் பார்க்க மாட்டோம். பேச மாட்டோம். கையை நீட்டிக் கேட்டால் உடனே கொடுப்போம். கொடுக்கும்போது, "நல்லா செஞ்சே, லிஷா" என்போம். நால்வரும் அதே சொல், அதே குரல். மாதங்கள் போயின. அழுகை குறைந்தது. பிறகு நின்றது.

ஒரு நாள் ரூபேந்திரன் ஒரு பெட்டி நிறையப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், நேத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில குடும்பத்தோட உக்காந்து ரொட்டி சானாய் சாப்பிட்டோம். இவ பொறந்ததுல இருந்து இதான் மொத தடவ. கடைக்காரருக்கே நம்ப முடியல. 'இது அதே புள்ளதானா, இல்ல மாத்திக் கொண்டாந்துட்டீங்களா'ன்னு கேக்குறாரு."

சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சாப்பாட்டை அவர்களுக்கு நாங்கள்தான் கொடுத்தோம்.

வலி அட்டையைச் செய்தது ஷர்மைன். லிஷாவுக்குக் காதில் சீழ் வைத்திருந்தது யாருக்கும் தெரியாமல் போன ஒரு வாரத்துக்குப் பிறகு செய்தாள். அழுகிற முகம் ஒன்றை வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, லிஷாவின் இடுப்பில் ஒரு சின்னப் பையைக் கட்டி, அதற்குள் வைத்தாள். வலித்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வேலையை நிறுத்திவிட்டு எங்கே வலிக்கிறது என்று பார்ப்போம். நல்ல யோசனை. நான்தான் அனுமதி கொடுத்தேன். லிஷா விரைவாகக் கற்றுக்கொண்டாள்.

பிறகு எதற்கெடுத்தாலும் கொடுக்கத் தொடங்கினாள். நிறங்களைப் பிரிக்கச் சொன்னால் வலி அட்டை. சட்டைப் பொத்தான் போடச் சொன்னால் வலி அட்டை. ஒவ்வொரு முறையும் ஷர்மைன் நிறுத்தினாள். வயிற்றைத் தொட்டாள், காதைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். ஒன்றும் இருக்காது. எங்கள் துறையில் ஒரு செயலைப் பார்த்தால், அதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் முதலில் கேட்போம். இந்த அட்டையால் அவளுக்கு வேலையிலிருந்து தப்பிக்கக் கிடைத்தது. அழுகை போய் அட்டை வந்திருந்தது. அவ்வளவுதான்.

ஷர்மைனை அறைக்கு வெளியே கூப்பிட்டேன்.

"அட்டையைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துடலாம்."

"அக்கா, அவளுக்கு வேற வாய் இல்லக்கா."

"பொய் சொல்ற வாய் எதுக்கு?"

"எல்லாப் புள்ளைங்களும் பொய் சொல்லும்லா. எங்க அண்ணன் மகன் ஸ்கூலுக்குப் போவாம இருக்க வாரத்துக்கு மூணு தடவ வயித்து வலின்னு சொல்றான். அதுக்குன்னு அவன் நாக்க அறுத்துட்டாங்களா?"

அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. நான் சிரிக்கவில்லை. அன்று மாலை லிஷாவின் இடுப்புப் பையிலிருந்து அட்டையை நானே எடுத்தேன். பையை விட்டுவைத்தேன். பையையும் எடுத்தால் பிள்ளை குழம்பிவிடும்.

கோலாலம்பூரிலிருந்து இருவர் வருவதாக இருந்தது. மையங்களைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால், பலகை மாட்டுகிற கூட்டத்திலிருந்து எங்களைப் பிரித்துக் காட்ட முடியும். இத்தனை வருடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் பிடிவாதம் இல்லை என்று ஆகும். அவர்களுக்கு லிஷாவைக் காட்ட முடிவுசெய்தோம். அவளிடம் தெரிகிற முன்னேற்றத்தை வேறு எந்தப் பிள்ளையிடமும் காட்ட முடியாது.

அன்று காலை லிஷா கொஞ்சம் குனிந்து நடந்து வந்தாள். வருகையாளர்கள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஷர்மைன் இரண்டாவது அறைக்குள் வேலையைத் தொடங்கினாள். படங்களைப் பொருத்த வேண்டும். லிஷா இடது கையால் பொருத்தினாள். வலது கை வயிற்றின் மேல் இருந்தது. பிறகு அந்தக் கை இடுப்புப் பைக்குள் போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. பையின் உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பார்த்தாள். ஷர்மைன் கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்கு அதில் தெரிந்தது அவள் முகம்தான்.

"பாக்காதே. அடுத்த படம்" என்றேன் மைக்கில்.

அடுத்த படத்தைக் கொடுத்தாள். லிஷா பொருத்தினாள். "நல்லா செஞ்சே, லிஷா" என்றாள் ஷர்மைன். குரல் நடுங்கியது. ஆனால் சொல் சரியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் லிஷா தலையை மேசைமேல் சாய்த்துக்கொண்டாள். சத்தமில்லை.

"தொடாதே. காத்திரு."

ஷர்மைன் காத்திருந்தாள். அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். லிஷா தானே தலையை நிமிர்த்தினாள். மிச்சமிருந்த படங்களையும் பொருத்தி முடித்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

வந்தவர்களில் மூத்த பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு அமைதியான பிள்ளையை இந்தக் கட்டத்தில் தான் பார்த்ததில்லை என்றார்.

மாலையில் வீட்டில் லிஷா பச்சையாக வாந்தி எடுத்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் புஷ்பவள்ளியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். இந்த நிலையில் பெரியவர்களே தரையில் உருளுவார்கள், இந்தப் பிள்ளை ஏன் அழவே இல்லை?

புஷ்பவள்ளி அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. ஷர்மைனிடம் கேட்டார். மருத்துவமனை வாசலில் எல்லோரும் பார்க்க அவள் கன்னத்தில் அறைந்தார். ஷர்மைன் நின்றுகொண்டே இருந்தாள். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்து, தான் கவனிக்கவில்லை, தன் பிழை என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் கவனித்தாள்.

அன்று காலை, வருகையாளர்கள் மாடி ஏறுவதற்கு முன்பு, என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, புள்ள உடம்பு கொதிக்குதுக்கா. அம்மாவுக்குப் போன் பண்ணலாம்லா."

போய்ப் பார்த்தேன். லிஷாவின் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

"ரூம் புழுக்கமா இருக்கு. ஏர்கோன் சரியில்ல. அதான்" என்றேன்.

ஏர்கோனைப் பற்றி உங்களிடம் முதலிலேயே சொன்னேன். ஆனால் வருகையாளர்கள் வருவதால் முந்தின நாள் மெக்கானிக் காளியப்பன் வந்து அதைப் பழுதுபார்த்துவிட்டுப் போயிருந்தார். வாளியை எடுத்துவைக்கத்தான் மறந்துவிட்டோம். அன்று அறை குளிராக இருந்தது. ஷர்மைன் சட்டைக்கு மேல் சுவெட்டர் போட்டிருந்தாள்.

அதே காலையில் புஷ்பவள்ளியும் தொழிற்சாலையிலிருந்து போன் செய்தார். "டீச்சர், காலைல மைலோகூட குடிக்கல. ஒரு மாதிரியா இருந்தா. நான் அரை நாள் லீவு போட்டுட்டு வரட்டா?"

"வேணாம் புஷ்பா. நல்லாதான் இருக்கா. லீவ வீணாக்காதீங்க."

நடத்தையை மாற்றுவதற்கு முன்னால் உடம்பில் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பயிற்சியில் அது முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துவது நான். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துதான் செய்தேன். மாலைவரை தாங்கும் என்று நினைத்தேன். அட்டை அவள் இடுப்பில் இருந்திருந்தால் வருகையாளர்கள் முன்னால் எடுத்துக் கொடுத்திருப்பாள். ஷர்மைன் நிறுத்தியிருப்பாள். அதனால் காலையில் பையை மறுபடியும் பார்த்தேன். ஷர்மைன் புதிதாக ஓர் அட்டையைச் செய்து வைத்திருந்தாள். அதையும் எடுத்தேன்.

ஆகவே ஷர்மைனின் பெயரை எடுத்துவிடுங்கள். நான் சொன்னதை, சொன்ன நேரத்தில், சொன்ன விதத்தில் செய்தாள். தன் மனம் வேறு சொன்னபோதும் செய்தாள். அவள் பிழை செய்தாள் என்று பதிவாவதை நான் ஏற்க மாட்டேன். அந்த அறையில் நடந்தது முழுவதும் என்னுடையது.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் மருத்துவமனைக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விடமாட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பிழைப்பாளா என்று இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. ரூபேந்திரன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதை, பழக்கம். பிறகு எதற்காக எழுந்தோம் என்பதுபோல மறுபடி உட்கார்ந்தார்.

லிஷா கண் விழித்திருந்தாள். அவள் கை போர்வைக்குள் மெதுவாக இடுப்புக்குப் போனது. அங்கே பை இல்லை. தேடியது. ஓய்ந்தது. மறுபடி தேடியது. புதிய இடம், புதிய ஆட்கள், யாரும் தூண்டவில்லை. அப்படி வருவதைத்தான் கற்றது நிலைத்துவிட்டது என்போம்.

அந்த இரண்டு அட்டைகளும் என் கைப்பையில் இருந்தன. இப்போதும் இருக்கின்றன. ஒன்றை உள்ளே கொடுத்தனுப்பியிருக்கலாம். கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன். அவள் அழவில்லை. "நல்லா செஞ்சே, லிஷா" என்றேன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைக் கேட்டுவிட்டார். தொண்டையில் குழாய் இருக்கிறது, அந்தப் பிள்ளையால் அழ முடியாது என்றார்.

அவருக்கு லிஷாவைத் தெரியாது.