கீழே யாரும் இல்லை

காற்றின் திசை தெரியக் கருவியெல்லாம் வேண்டாம். தோளில் கிடக்கும் துண்டு போதும். வலங்கைமான் பக்கம் புகையான் பூச்சிக்கு மருந்து தெளிக்க விமானம் வந்த எழுபத்து மூன்றில், ஓடுபாதை ஓரத்துக் கீற்றுக் கொட்டகையில் அதுதான் என் வேலை. காற்று, பனி, மின்கம்பி, எந்த வயலில் ஆள் நிற்கிறது. கிளம்பும் முன் பைலட்டுக்கு வரைபடத்தில் காட்டுவேன். பறக்கும்போது வயர்லெஸ்ஸில் சொல்வேன். பஞ்சநதம் சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர் வாங்கியவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

அம்சவல்லி எங்கள் எட்டு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். புதுச் சட்டம் வந்ததும், குத்தகையைத் தன் பெயரில் பதியச் சொல்லி மனுப் போட்டாள். பதிந்துவிட்டால் அப்புறம் அவளை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. மார்கழி பத்தாம் தேதி தாசில்தார் வயலைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் நான் ஆள் விட்டு வயலைப் பிடித்துக்கொள்வேன் என்று பயந்து, முதல்நாளே பெண்களோடு வயலில் இறங்கி நின்றுவிட்டாள்.

நல்லவிதமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள்.

"ஏரோப்ளேனுக்கே வழி சொல்றவங்க, தாசில்தாருக்கு வழி சொல்ல மாட்டீங்களா, சின்னய்யா?"

எனக்குக் கோபம் வருவதில்லை. மருந்தடிக்குமுன் ஊரில் தமுக்கு அடித்து எச்சரிப்பதும் என் பொறுப்பு. எல்லாத் தெருவுக்கும் பத்தாம் தேதி என்று சொல்லச் சொன்னேன். அவள் தெருவுக்கு மட்டும் பதினொன்று.

பத்தாம் தேதி காலை, கேப்டன் அஹமது கபீர் டீயும் கையுமாக வரைபடத்தைப் பார்த்தார். நாகூர்க்காரர், தமாஷ் பேர்வழி.

"கம்பி கிம்பி இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பஞ்சநதம். இன்னிக்கு வூட்டுல பிரியாணி."

"கம்பி இல்ல சார். காத்தும் இல்ல. கீழ யாரும் இல்ல."

ஆறே முக்காலுக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?"

"பொம்மை சார். குருவிக்கு வச்சது."

மருந்து இறங்கியது.

"பொம்மை அசையுதே?"

"காத்து சார்."

"காத்தே இல்லேன்னீங்களே?"

"இப்பத்தான் எழும்புச்சு."

பனியில், அந்த வேகத்தில், மேலே இருப்பவர் கீழே இருக்கும் குரலை நம்பித்தான் ஆக வேண்டும்.

தாசில்தார் பத்து மணிக்கு வந்தார். அதற்குள் மூன்று பேரையும் வண்டியில் கும்பகோணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வயல் காலியாக இருந்தது. 'சொந்தச் சாகுபடி' என்று எழுதிக்கொண்டு போனார். சின்னப்பெண்தான் மூன்றாம் நாள் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.

கபீர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பொம்மைக்குச் சேலை கட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் விமானத்தில் ஏறவில்லை. விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

வயர்லெஸ் பெட்டியைக் கம்பெனி அப்போதே எடுத்துப்போய்விட்டது. ஆனாலும் பதினோரு வருஷமாகத் தினம் காலை ஆறே முக்காலுக்கு அது கரகரக்கிறது. யார் நிற்பது என்று கபீர் கேட்கிறார். பதில் சொல்லும்வரை விடமாட்டார். "பொம்மைன்னு யாருகிட்ட சொல்றீங்க?" என்பாள் என் மனைவி ராஜாத்தி.

ஒரு சுற்று மருந்தோடு போயிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். வாஸ்தவம். அன்றைக்கு எங்கள் வயலுக்கு மட்டும் இரண்டு சுற்று. காற்று எழும்பியது என்று சொன்ன கையோடு நான்தான், "கொஞ்சம் விட்டுப்போச்சு சார், இன்னொரு தரம் போங்க" என்றேன்.

அதில் பகை ஏதும் இல்லை. புகையானுக்கு ஒரு தரம் போதாது, ஐயா.