அலமாரிக்குள் மூன்று நாள் இருந்த காராமணிச் செடி

அன்பையும் அறிவையும் அள்ளி அளித்த ஆசிரியப் பெருந்தகையே! அரக்கோணத்தில் முதல் ரயில் பிடித்து, திருத்தணியில் இறங்கி, ஆட்டோ ஏறி, முப்பத்து நான்கு ஆண்டுகள் முதல் மணிக்கு முன்பே வகுப்பில் நின்ற எங்கள் கைசர் ஜஹான் டீச்சர் அவர்களே! தங்கள் பணிநிறைவு நாளில் எங்கள் வணக்கம்.

கரும்பலகையில் படம் வரைந்து பாடத்தை முடித்திருக்கலாம். தாங்கள் அப்படி முடித்ததில்லை. மற்ற வகுப்புகள் பாடத்தைப் படித்தன. நாங்கள் நனைத்தோம், காயவைத்தோம், மோந்து பார்த்தோம். அவற்றுள் ஒன்றை மட்டும் இச்சபையில் விரித்துச் சொல்லியாக வேண்டும்.

செடி வளர என்னென்ன வேண்டும் என்று காட்ட, டீக்கடைக் காகிதக் கப்புகளில் காராமணி விதைக்கச் சொன்னீர்கள். ஒரே மண், ஒரே அளவு விதை. சீட்டுக் குலுக்கியதில், தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைக்கும் கப்பு பிரியங்காவுக்கு விழுந்தது. ஜன்னலில் இருந்தும் தண்ணீர் இல்லாதது குணசேகரனுக்கு. தண்ணீர் ஊற்றி அலமாரி இருட்டில் வைப்பது மணியம்மைக்கு. திருத்தணி அறிவியல் கண்காட்சிக்கு ஒருவரைத்தான் அழைத்துப் போக முடியும் என்றீர்கள். அது ஜன்னல் கப்புக்காரிதான் என்று வகுப்பே முடிவு கட்டியது.

மணியம்மைக்கு வயிறு எரிந்தது. நீளப் பின்னல் பிரியங்காவுக்கு, நல்ல குரல் பிரியங்காவுக்கு, இப்போது வெயிலும் அவளுக்கா? தினமும் காலையில் தாங்கள் அந்தக் கப்பின் முன் குனிந்து, "என் கண்ணு, எப்டி முட்டிகினு வருது பாரு" என்றபோது, கண்ணு என்றது செடியையா பிரியங்காவையா என்று தெரியாமல் தவித்தாள்.

அலமாரியைச் சாத்துவது அவள் வேலை. வெள்ளி மாலை எல்லோரும் போனபின் பிரியங்காவின் கப்பை உள்ளே வைத்து, தன் கப்பை ஜன்னலில் வைத்தாள். செத்துப் போகட்டும் என்றுதான். திங்கள் காலை முதல் ஆளாக வந்து பழையபடி மாற்றினாள். ஆனால் பிரியங்காவின் செடி சாகவில்லை. முக்கால் சாண் உயரம் கிளம்பி நின்றது!

"ஐயய்ய, எம்மா ஒயரம்!" என்று வகுப்பே கூடிவிட்டது.

"இன்னா மணி, உன்னுது குட்டையா கீது? சோறு போடலியா?" என்றான் குணசேகரன்.

கெடுக்கப் போய் உயர்த்திவிட்ட எரிச்சலில் மணியம்மை அழுதேவிட்டாள்.

தாங்கள் உயரத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் செடி வெளிறி மஞ்சளாக இருப்பதையும், அலமாரிச் செடி பச்சையாக இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். பிறகு அவளைப் பார்த்தீர்கள். மதியம் அந்த நெட்டைச் செடி துவண்டு சாய்ந்ததும், அவளைத் தனியே அழைத்து ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கையில் கொடுத்தீர்கள்.

"யாரு, ஏன்னு நான் கேக்கல. முட்டுக் குடு. இது பச்சையாவற வரிக்கும் வெயில்ல வைக்கறது, தண்ணி ஊத்தறது உன் வேலை. சரியா?"

"ஆங், டீச்சர்."

இரண்டு நாள் வயிறெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இலை பச்சை தட்டியதும், யாருடைய செடி என்பதே மறந்து, "டீச்சர், பச்ச வந்துச்சி!" என்று வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"வந்துச்சா, கண்ணு?" என்றீர்கள்.

அப்போது தங்கள் எதிரே செடி இல்லை.

கண்காட்சிக்குப் பிரியங்காதான் போனாள். பரிசாக வந்த எவர்சில்வர் டம்ளரில்தான் இன்றும் காபி குடிக்கிறாள் என்று கேள்வி. பதின்மூன்று ஆண்டுகளாகத் தாங்கள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வகுப்பின் சார்பில் மணியம்மை எழுதிய இம்மடலை வாசித்து வரும் பிரியங்காவுக்கே இது இப்போதுதான் தெரிகிறது. குரல் தடுமாறினால் சபையோர் பொறுத்தருள்க. இன்று தங்கள் பக்கத்தில் நிற்கும் பேறும் அவளுக்கே வாய்த்ததில் மணியம்மைக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. அதையும் மறைப்பதற்கில்லை.

கண்டித்தும் காட்டிக்கொடுக்காத கருணையே! ரயிலுக்கு ஓடாத காலைகளும், ஆறாமல் குடிக்கும் தேநீரும், நோயறியா நெடுவாழ்வும் தங்களுக்கு நிறைக! வாசலில் எதை நட்டாலும் பச்சையாகவே வருக!

மணியம்மை பின்வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். பிரியங்கா திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் எழுந்து வருவாள்.

இங்ஙனம்,
தங்கள் ஐந்தாம் வகுப்பு,
பிரியங்கா, குணசேகரன், கன்னியம்மாள், நஸியா,
மணியம்மை